இரண்டாம் கண்ணின் கையெழுத்து

கண் ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் துணைக்கு வந்தவள் என்றே நினைத்தார்கள்.

"பேஷண்ட் எங்கேம்மா?" என்று கேட்டாள் சீட்டு எழுதுகிறவள்.

"நான்தான்."

"புரை ஆபரேஷன்னு போட்டிருக்கே?"

"எனக்குத்தான்."

சீட்டு எழுதுகிறவள் வயது என்ற கட்டத்தில் இருந்த இருபத்தாறை உற்றுப் பார்த்தாள். அறுபத்திரண்டை யாரோ திருப்பி எழுதிவிட்டார்கள் என்று அவளுக்குச் சந்தேகம். பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெரியவர், ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டியிருந்தவர், மற்றக் கண்ணால் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு எழுபத்திமூணு வயசு. நானே இப்பத்தான் வந்திருக்கேன். நீ என்னம்மா வரிசையில முந்துறே?"

"அவகிட்ட விளையாடாதீங்க, கடிச்சுடுவா," என்றாள் கூட வந்திருந்த அக்கா.

அக்கா சொன்னதில் பாதிதான் விளையாட்டு. ஏழு மாதமாக அவள் ஒரே ஒருவனைக் கடித்துக் குதறக் காத்துக்கொண்டிருந்தாள். அதற்குத்தான் இந்த ஆபரேஷன். கண் தெரிய வேண்டும் என்று மற்றவர்கள் வந்தார்கள். அவன் செய்தது தெரிய வேண்டும் என்று அவள் வந்திருந்தாள்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் அவளுடைய இரண்டு கண்களும் சிவந்தன. வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. சாதாரணக் கண்வலி என்று மூன்று நாள் சும்மா இருந்தாள். நான்காம் நாள் பார்த்த டாக்டர், கண்ணுக்குள்ளேயே அழற்சி என்றார். காரணம் தேடி ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், மூட்டுகளை அமுக்கிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஸ்டீராய்டு சொட்டு மருந்து போட்டால் அடங்கும், விட்டால் கிளம்பும். இப்படி அடங்கியும் கிளம்பியும் இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்தது.

"பாதி அழற்சியோட வேலை, பாதி அதை அணைச்ச மருந்தோட வேலை," என்றார் ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா, முதல்முறை பார்த்தபோது. "இதுல யாரை அடிக்கிறதுன்னு என்கிட்ட கேட்காதே."

"அடிக்க வேற ஆள் இருக்கு டாக்டர்."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடி கருவிக்குள் குனிந்து, மெல்லிய ஒளிக்கீற்றை அவள் கண்ணுக்குள் நுழைத்தார்.

"கண்மணி உள்ளே லென்ஸோட ஒட்டிக்கிச்சு. ரவுண்டா இருக்க வேண்டியது கோணலா இலை மாதிரி இருக்கு. வயசானவங்களுக்குப் பண்ற மாதிரி இது சுளுவா முடியாது. ஆனா எடுத்துடலாம். முதல்ல வலது கண், அதுதான் ரொம்ப மோசம். இடதை அப்புறம் பாத்துக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. உள்ளே இருக்கிற தீ முழுசா அணைஞ்சு மூணு மாசம் ஆகணும். தொண்ணூறு நாள். நடுவுல ஒரு தடவை கிளம்பினாலும் மறுபடி முதல் நாள்ல இருந்து எண்ணணும். எரியிற வீட்டுக்குள்ள போய் நான் கத்தி வைக்க மாட்டேன்."

"தொண்ணூறு நாள் கழிச்சு எனக்கு நீலம் தெரியுமா?"

"எல்லாக் கலரும் தெரியும்."

"எல்லாக் கலரும் வேண்டாம். ரெண்டு நேவி புளூவைப் பக்கத்துல பக்கத்துல வச்சா, ரெண்டும் ஒண்ணா இல்லையான்னு தெரியணும்."

"அது எனக்கே தெரியாதே," என்று டாக்டரம்மா சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

*

அவள் வேலை பார்த்தது ஒரு துணி ஆலையின் நிறம் பார்க்கும் அறையில். சுவர் சாம்பல் நிறம், மேசை சாம்பல் நிறம், உள்ளே நுழைகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் அங்கியும் சாம்பல் நிறம். சிவப்புச் சட்டையோடு போய் நின்றால் அந்தச் சிவப்பு துணிமேல் விழுந்து கண்ணை ஏமாற்றிவிடும். நடுவில் லைட் பாக்ஸ் இருந்தது: முன்பக்கம் திறந்த பெட்டி, சுவிட்சைத் தட்டினால் பகல் வெளிச்சமும் கடை வெளிச்சமும் மஞ்சள் பல்பும் மாறி மாறி வரும். வாங்குகிற கம்பெனி அனுப்பிய மாதிரித் துண்டையும் சாயம் ஏறி வந்த துண்டையும் ஒரு அட்டையில் ஒட்டி உள்ளே வைப்பார்கள். அட்டைமேல் ஒரு சாம்பல் மூடி. நடுவில் வெட்டிய சின்ன ஜன்னல் வழியாக இரண்டு துண்டுகள் மட்டும்தான் தெரியும். எந்த ஆர்டர், என்ன தேதி, யார் கையெழுத்து, எதுவும் தெரியாது.

முதலில் பார்ப்பவர் முதல் கண். அடுத்துப் பார்ப்பவர் இரண்டாம் கண். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பார்த்தவுடன் அறை முழுக்கக் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை: "ஒட்டுது", இல்லை "ஒட்டல". முணுமுணுத்தால் செல்லாது. சொன்ன பிறகுதான் மூடியை எடுத்துவிட்டு அட்டையின் அடியில் கையெழுத்து.

அவள் முதல் கண். பத்தொன்பது வயதில் வேலைக்கு வந்து, இரண்டே வருடத்தில் அந்த நாற்காலியைப் பிடித்தவள். மற்றவர்கள் நீலம் என்று ஒரே வார்த்தையில் சொல்வதை அவள் பதினேழாகப் பிரித்து வரிசையாக வைப்பாள். அதனால் அவளுக்கு அங்கே பெயர் நீலி.

இரண்டாம் கண்ணுக்கு ரேடியோ என்று பெயர். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவன். வாய் ஓயாமல் பேசுவான், பேச ஒன்றும் இல்லையென்றால் பாடுவான். "தங்கச்சி, உன் கண்ணுக்குக் கோயில் கட்டணும்" என்பான். ஒரு சின்னப் பெண் தனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்ற எரிச்சலை அந்தப் பாட்டுக்குள் எங்கே ஒளித்து வைத்திருந்தானோ, அவளுக்குத் தெரியவில்லை.

கண்ணில் மங்கல் ஏறியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அது அவள் தப்பு. வலது கண் முதலில் போனது. இடது கண்ணை வைத்துச் சமாளித்தாள். அப்போதுதான் அந்த நேவி புளூ வந்தது. நாலாயிரம் மீட்டர். அவள் இடது கண்ணால் பார்த்து "ஒட்டுது" என்றாள். ரேடியோ குனிந்தான். பாட்டு நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவனும் "ஒட்டுது" என்றான். இரண்டு கையெழுத்து.

மூன்றாவது வாரம் துணி முழுவதும் நிராகரிக்கப்பட்டது. சிவப்படிக்கிறது என்று புகார்.

மானேஜர் அறையில் வாங்குகிற கம்பெனியின் அதிகாரியம்மா கழுத்துச் சங்கிலியில் தொங்கிய பேனாவை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரேடியோ கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "சார், இவளுக்கு ரொம்ப நாளாவே கண்ணு சரியில்ல. பாவம், சின்னப் பொண்ணுன்னு வாயைத் திறக்காம இருந்தேன். அன்னிக்கு நான் பாக்கவே இல்ல சார். இவ மேல இருந்த நம்பிக்கையில கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன். அது ஒண்ணுதான் நான் பண்ண தப்பு."

ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அழுகை இல்லை அது, அழற்சி. ரேடியோ திரும்பிப் பார்த்து, மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "நீலிக்கண்ணீர் வேண்டாம்மா" என்றான். அதிகாரியம்மாவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் அவளைக் குடோனுக்கு அனுப்பினார்கள். மூட்டைக்குச் சீட்டுக் கட்டும் வேலை. முதல் கண் நாற்காலியில் ரேடியோ உட்கார்ந்தான். இரண்டாம் கண்ணாக மானேஜரே பார்த்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து ரேடியோ அவளுக்குப் போன் செய்தான்.

"எப்படி இருக்கே தங்கச்சி? உன் நாற்காலி கொஞ்சம் தாழ்வா இருக்கு. ஒரு குஷன் போட்டுக்கிட்டேன். உனக்கு ஆட்சேபணை இல்லையே?"

திரும்பி வந்த நேவி புளூ மூட்டை குடோனுக்குத்தான் வந்தது. கட்டைப் பிரித்தபோது அட்டை உள்ளேயே இருந்தது. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரே அட்டைதான். அது மூட்டையோடு போய்விடும். வாங்கிய கம்பெனியில் யாரும் அதை எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவள் அதைச் சாப்பாட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நெஞ்சு எக்ஸ்ரே வைத்திருந்த கறுப்பு உறைக்குள் போட்டாள். வெளிச்சம் பட்டால் துணி வெளுக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"இதைப் பாத்துச் சொல்லு," என்று அக்காவிடம் ஒருமுறை நீட்டினாள்.

"ரெண்டும் நீலம்தானே?"

"ஒரே நீலமா?"

"எனக்கு ரெண்டுமே கறுப்பா இருக்குடி."

பழகாத கண்ணுக்கு அது தெரியாது. தெரிந்த கண்களில் ஒன்று ரேடியோவுடையது. மற்றது புரைக்குப் பின்னால் கிடந்தது. அவள் தனக்குள் தீர்மானமாகச் சொல்லிக்கொண்டாள்: அன்றைக்கு நான் பார்த்தபோது இரண்டும் ஒன்றுதான். பிறகு அவன் துண்டை மாற்றியிருக்கிறான். அட்டையை உற்றுப் பார்த்தால் அது தெரியும். தெரிந்த அன்றைக்கு அவனை நடுச் சபையில் நிறுத்தி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும். குடோனில் சீட்டுக் கட்டிக்கொண்டே அந்த நாலு வார்த்தையை நாற்பது விதமாகக் கேட்டுப் பார்த்தாள்.

*

அவளைப்போல ஒழுங்காக மருந்து போட்ட நோயாளியை டாக்டரம்மா பார்த்ததில்லை. போனில் அலாரம் அடித்தால், சோறு பிசைந்த கையைக்கூடக் கழுவிவிட்டு ஓடுவாள். முதல் மாதம் தானே போட்டுக்கொண்டாள். பாதிச் சொட்டு கன்னத்தில் வழிந்ததால், பிறகு அக்கா அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். படுக்க வைத்து, இமையை விரித்து, பூப்போல ஒரு சொட்டு.

ஐம்பத்திரண்டாம் நாள் டாக்டரம்மா ஒளிக்கீற்றுக்குள் ரொம்ப நேரம் பார்த்தார்.

"செல் மிதக்குது. வெயில் கீற்றுல தூசி பறக்குமே, அந்த மாதிரி. மறுபடி கிளம்பியிருக்கு."

"ஒரு வேளைகூட விடல டாக்டர்!" என்றாள் அக்கா.

"எப்படிப் போடுறீங்க? போட்டுக் காட்டுங்க."

அக்கா பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். தளும்பாமல், நிமிர்த்தியே எடுத்தாள். மூடியைத் திறந்து மெல்லச் சாய்த்தாள்.

"நில்லுங்க. ஆட்டலையா?"

"ஆட்டணுமா? மருந்து கலங்கிடாதா?"

டாக்டரம்மா பாட்டிலை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார். அடியில் வெள்ளையாக, கெட்டியாக, ஒரு படிவு. மேலே நின்றது தெளிந்த தண்ணீர்.

"மூணு வாரமா இவ கண்ணுல நீங்க விட்டது வெறும் தண்ணி. மருந்தெல்லாம் இதோ, கீழே உக்காந்திருக்கு."

ஆலையில் ஏழு வருடம் அவள் சாயக் குடுவையை ஆட்டாமல் ஒரு துண்டை நனைத்ததில்லை. ஆட்டாமல் எடுத்தவன் கையிலேயே தட்டியிருக்கிறாள். தானே மருந்து போட்டபோதும் கை தன்னால் ஆட்டியிருக்கிறது. ஆட்டுகிறோம் என்பதே நினைப்பில் இல்லை. அதனால் அக்காவிடம் சொல்லவும் தோன்றவில்லை.

"ஐம்பத்திரண்டு நாள்!" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கத்தினாள். "உனக்கு என் மேல என்ன கோபம்?"

அக்கா முகம் சுருங்கிப்போயிற்று. "நான் வேணும்னா பண்ணுவேன்? கலங்கிடக் கூடாதுன்னுதானே பாத்துப் பாத்து..."

அவள் அக்காவின் கையைப் பிடித்தாள்.

"வேணும்னு பண்ணவன் வேற. இனிமே ஆட்டு. அவன் கழுத்துன்னு நினைச்சுக்கிட்டு ஆட்டு."

அதற்குப் பிறகு அக்கா பாட்டிலை ஆட்டிய ஆட்டில் கை வளையல் இரண்டு தடவை கழன்று விழுந்தது. நாள்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கின. பத்து, முப்பது, அறுபது. ஒவ்வொரு சொட்டும் எரிச்சலோடு உள்ளே இறங்கும்போது அவள் அவன் பெயரை ஒருமுறை சொல்லிக்கொண்டாள். ஜெபம் செய்கிறவர்கள்கூட அவ்வளவு ஒழுங்காகச் சொல்லமாட்டார்கள். தொண்ணூறாம் நாள் கீற்றுக்குள் ஒரு தூசி இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார்கள். முகம் வீங்கியது. பசி பேய்த்தனமாக வந்தது.

"இந்த மாத்திரைக்குக் கோபம் ஜாஸ்தியா வரும், பாத்துக்குங்க," என்று நர்ஸ் எச்சரித்தாள்.

"கையிருப்பே நிறைய இருக்கு சிஸ்டர்," என்றாள் அவள்.

*

ஊசி போட்டு மரத்துப்போன கண்ணுக்குமேல் வெளிச்சம் ஒரு பெரிய நிலாவாக மிதந்தது. வலியில்லை. டாக்டரம்மாவின் குரல் தலைமாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"ஒட்டினதை ஒவ்வொண்ணா விடுவிக்கிறேன். அசையாதே... கண்மணி விரிய மாட்டேங்குது. நாலு கொக்கி போட்டு இழுத்துப் பிடிக்கணும். பயப்படாதே, மயிரிழை சைஸ்தான்... இப்ப புரையை உடைக்கிறேன்."

நிலா கலங்கியது. பழுப்புத் தண்ணீரில் யாரோ கையை விட்டு அலசியதுபோல் இருந்தது. பழுப்பு சுழன்று சுழன்று ஒரு பக்கமாகப் போனது. பிறகு, ஒரு நொடியில், வெளிச்சத்தின் நிறமே மாறியது. அவளுக்கு அதன் பெயர் உடனே தெரிந்தது. பதினேழில் மூன்றாவது நீலம். அசையக்கூடாது என்பதால் அழாமல் இருந்தாள்.

"லென்ஸ் வச்சாச்சு," என்றார் டாக்டரம்மா. "நல்ல பொண்ணு. ஆனா இனிமேதான் ஜாக்கிரதையா இருக்கணும். உன் கண்ணு சீண்டினா சீறுற கண்ணு."

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். "சிஸ்டர், உங்க கோட்டு நீலமா?" என்று கேட்டாள். "வெள்ளைம்மா" என்றாள் நர்ஸ். அப்படியானால் இத்தனை நாள் வெள்ளை என்று தான் பார்த்தது என்ன? இடது கண்ணால் பார்த்தாள். அதே கோட்டு, தேநீர்க் கறை படிந்ததுபோல் இருந்தது.

பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள் மேகமூட்டமான காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து எக்ஸ்ரே உறையைத் திறந்தாள். நிறம் பார்க்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. அட்டையை மடியில் வைத்தாள். இடது கண்ணை மூடினாள்.

ஒட்டவில்லை.

சாயம் ஏறிய துண்டில் சிவப்பு நன்றாகத் தூக்கி நின்றது. முதல் வருடப் பயிற்சிக்காரன்கூடச் சொல்லிவிடுவான். ஆனால் வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தபோது இரண்டும் ஒன்றாக இருந்தன, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. மாற்றி மாற்றி மூடித் திறந்தாள். ஒட்டவில்லை. ஒட்டியது. ஒட்டவில்லை. ஒட்டியது. பழைய கண்ணும் புதுக் கண்ணும் ஒரே முகத்தில் இருந்ததால் அவளுக்குத் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. யாரும் துண்டை மாற்றவில்லை. தப்பாகப் பார்த்தது அவள்தான்.

ஏழு மாதக் கோபம் கால் உடைந்த நாற்காலி மாதிரிச் சாய்ந்தது. இரண்டு நாள் அக்கா மருந்துக்கு வந்தால் கண்ணைக் காட்டினாள். சோற்றுக்குக் கூப்பிட்டால் போனாள். மூன்றாம் நாள் அட்டையைக் கிழித்துப் போடுவோம் என்று மறுபடி எடுத்தாள்.

அப்போதுதான் அதைப் பார்த்தாள். ரேடியோ மையால் போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில், அட்டையின் ஓரத்தில், பென்சிலால் மிக லேசாக, மேல்நோக்கி ஒரு சின்ன அம்பும் 'சி' என்ற எழுத்தும். சிவப்பு கூடுதல் என்பதற்கு அந்த அறையில் போடும் குறி. பென்சில் கோட்டின் ஒரு முனைமேல் கையெழுத்தின் மை ஏறி ஓடியிருந்தது. முதலில் அம்பைப் போட்டிருக்கிறான். அதன்மேல் கையெழுத்திட்டிருக்கிறான்.

கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்தாம்!

பார்த்திருக்கிறான். சரியாகப் பார்த்திருக்கிறான். நாளைக்கு மேலிடத்தில் அட்டையைக் கேட்டால், எனக்கு அப்போதே தெரியும் என்று காட்டத் தனக்கு ஒரு சாட்சி வைத்துக்கொண்டு, வாயால் "ஒட்டுது" என்று சொல்லியிருக்கிறான். யாரும் அட்டையைக் கேட்காமல் போகவே, பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட்டான். பேசாமல் ஒரு நிமிடம் இருக்கத் தெரியாதவன், ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் அதைச் சொல்லவில்லை. தன் கண் தப்பாகப் பார்த்தது என்பதை அவளால் தாங்க முடிந்தது. விழட்டும் என்று ஒருவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் என்பதைத் தாங்க முடியவில்லை.

"அக்கா," என்று கூப்பிட்டாள். "பசிக்குது."

*

ஏழு வாரம் கழித்து டாக்டரம்மா வேலைக்குப் போகலாம் என்றார். ஆலையில் மானேஜர் ஒரு தட்டு நிறைய வண்ண வில்லைகளைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொன்னார். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஒரு வில்லை பிசகாமல் அடுக்கினாள். இரண்டாம் கண்ணாக உட்கார்ந்து அலுத்துப்போயிருந்த மானேஜர் அப்போதே அவள் கையில் சாம்பல் அங்கியைக் கொடுத்தார்.

"வா தங்கச்சி!" என்றான் ரேடியோ, குஷன்மேல் உட்கார்ந்தபடி. "ஒத்தைக் கண்ணோட வந்திருக்கே. பரவாயில்ல, அண்ணன் பாத்துக்கறேன். நான் சொல்றதையே சொல்லிட்டுப் போ."

"சரி அண்ணே," என்றாள்.

ஆனால் அவன் சொல்வதை அவள் சொல்லவில்லை. மறுநாளே பச்சை ஒன்றுக்கு அவன் "ஒட்டுது" என்று சொன்ன வாய் மூடுவதற்குள், அறை அதிர "ஒட்டல" என்றாள். மானேஜர் மெஷினில் வைத்துப் பார்த்தார். அவள் சொன்னதுதான் சரி. அந்த வாரத்தில் மூன்று தடவை. அவன் பாட்டு குறைந்தது. அட்டையைப் பார்க்கும்போது கண்கொத்திப் பாம்பாக அவள் பின்னால் நிற்பது அவன் கழுத்தில் உறைத்தது.

"ஏன் தங்கச்சி," என்றான் ஒரு மதியம், குரலைத் தாழ்த்தி. "எல்லார் முன்னாலயும் கத்தணுமா? ரகசியமா ஒரு வார்த்தை சொன்னா அண்ணன் திருத்திக்க மாட்டேனா?"

"எனக்கு யாரும் ரகசியமாக்கூடச் சொல்லலையே அண்ணே."

அவன் சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சொட்டு மருந்துப் பாட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். இடது கண்ணுக்கான தொண்ணூறு நாளில் அது நாற்பத்தியோராம் நாள்.

மாதக் கடைசியில் அதிகாரியம்மா வந்தார், அதே சங்கிலிப் பேனாவோடு. மானேஜரும் கூட நின்றார். அன்றைக்குப் பன்னிரண்டு அட்டைகள். அட்டையை அடுக்கி, மூடி போட்டு, லைட் பாக்ஸுக்குள் தள்ளுவது இரண்டாம் கண்ணின் வேலை. ரேடியோ புதுச் சட்டை போட்டு, அதன்மேல் அங்கி மாட்டி, தன் பழைய குரலுக்குத் திரும்பியிருந்தான். இத்தனை நாளாகப் பட்ட அவமானத்தையெல்லாம் இன்றைக்குத் துடைத்துவிட வேண்டும் என்ற வேகம் அவனுக்கு.

ஒன்று. "ஒட்டுது." அவளும் "ஒட்டுது" என்றாள். இரண்டு. மூன்று. எட்டுவரை ஒரு பிசகும் இல்லை. அதிகாரியம்மா தலையை ஆட்டிக்கொண்டார். ரேடியோவின் முதுகு நிமிர்ந்தது.

ஒன்பதாவதாக அவள் அங்கிக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்து, மூடிக்கு அடியில் சரியாகப் பொருத்தி, உள்ளே தள்ளினாள். ஜன்னலில் இரண்டு நேவி புளூ.

ரேடியோ குனிந்தான். சுவிட்சைத் தட்டி மூன்று வெளிச்சத்திலும் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் பரவியது. கடைசியில் அவனுக்கும் ஒரு தப்பு கிடைத்துவிட்டது.

"ஒட்டல!" என்று அறை அதிரச் சொன்னான். அதோடு விடவில்லை. அதிகாரியம்மா பக்கம் திரும்பி, "சிவப்பு எப்படித் தூக்குது பாருங்க மேடம்! இதைப் போய் யாராவது பாஸ் பண்ணுவாங்களா? ஒரு பார்வை போதும். குருடன்கூடச் சொல்லிடுவான்" என்றான்.

"நல்லாப் பாத்தீங்களா அண்ணே? கண்ணைத் திறந்து வச்சுத்தானே பாத்தீங்க?"

"என்ன கேள்வி இது? இதோ, பளிச்சுனு தெரியுதே!"

அவள் மூடியை எடுத்தாள்.

முதலில் பார்த்தது மானேஜர். தேதியைப் படித்தார். கையெழுத்துகளைப் படித்தார். அட்டையை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார்.

"இது அந்தப் பழைய ஆர்டர்," என்றார் மெதுவாக.

ரேடியோ அட்டையை எட்டிப் பார்த்தான். "சார், பழைய துணி. இத்தனை நாள்ல வெளுத்திருக்கும். அதான் இப்ப..."

"எக்ஸ்ரே கவருக்குள்ள, இருட்டுலதான் இருந்துச்சு," என்றாள் அவள். "சரி, வெளுத்துப்போச்சுன்னே வச்சுக்குவோம். ஓரத்துல ஒரு பென்சில் அம்பு இருக்கு பாருங்க சார். அதுமேலதான் கையெழுத்து ஓடுது. அதை யாரு போட்டது, எப்ப போட்டதுன்னு அண்ணனையே கேளுங்க."

அதிகாரியம்மா எழுந்து வந்து அட்டையை வாங்கிப் பார்த்தார். சங்கிலிப் பேனாவின் முனை அந்தச் சின்ன அம்புக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன்னு சொன்னீங்களே," என்றார். "மூடின கண்ணுக்கு இது எப்படித் தெரிஞ்சுது?"

அந்த அறையில் லைட் பாக்ஸின் மெல்லிய ரீங்காரம் இருப்பதே அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. இத்தனை வருடமும் அது ரேடியோவின் சத்தத்துக்கு அடியில் கேட்காமல் கிடந்திருக்கிறது. அவன் அவளைப் பார்த்தான். "தங்கச்சி" என்று ஆரம்பித்தான். அதற்குமேல் வரவில்லை.

நாற்பது விதமாகக் கேட்டுப் பார்த்த நாலு வார்த்தைகள் அவள் நாக்கில் வந்து நின்றன. ஒன்றையும் அவள் எடுக்கவில்லை. அவனுக்கு இனி அது தேவையுமில்லை. அட்டையை வாங்கி மறுபடி பெட்டிக்குள் வைத்து, மூடியைப் போட்டாள்.

"ரெண்டாங்கண் இன்னும் சொல்லலையே சார்," என்றாள்.

குனிந்தாள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால், அவசரமில்லாமல் பார்த்தாள்.

"ஒட்டல," என்று வாய்விட்டுச் சொன்னாள். வெளியே குடோன்வரை அது கேட்டது.